திரும்பப் போகவேண்டிய இடங்கள்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒஸ்லோ நகரசபைக் கட்டடம் தன் இரண்டு செங்கல் கோபுரங்களையும் தூக்கிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே இருந்த தொடர்மாடிக் குடியிருப்பொன்றின் கார் தரிப்பிடத்துக்கு வந்து, ஐந்தாம் மாடியில் சொந்தக்காரர் வீட்டில் கஜலக்சுமி தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்து நின்றது. அவள் யன்னலால் அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. பிறகு, தூரம் கிடந்ததால், வந்த வழியே திரும்பிப் போனது. இரண்டு வாகனங்களை இடம் மாற்றி நிறுத்தவேண்டி வந்ததைத் தவிர யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அது வந்ததற்குக் காரணமும் பெரிதாக ஒன்றுமில்லை. அதைப் பார்க்கவென்று சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவர்கள், வந்த நாள்தொட்டு அதைப் பார்க்கப் போகவில்லை. நாளைக்கு அவர்களுக்கு விமானம்.

கஜலக்சுமியும் கணவர் வரதராசாவும் ஓல்டனில் இருப்பவர்கள். ஆரே ஆற்றங்கரையில், எல்லாத் திசை ரயில்களும் வந்து பிரிகிற சுவிஸ் ஊர் அது. வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு எங்கோ போவதற்காகவே அங்கே இறங்குவார்கள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அவர் பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். அதைவிட முக்கியமாக, ஆரேக்கரைத் தமிழ் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். ‘பயணச் செம்மல்’ என்பது அந்த ஒன்றியம் அவருக்கு வழங்கிய பட்டம். வழங்கிய விழாவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். பொன்னாடையைப் போர்த்தியவர் செயலாளர்; கடையில் தேடி வாங்கிக் கொடுத்தவர் கஜலக்சுமி.

வரதராசாவுக்குப் பயணத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்த நகரத்துக்குப் போனாலும் முதலில் சொந்தம், பிறகுதான் மற்றது. ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொருவர் வீட்டுக்குப் போகாமல் வந்தால் அது பத்து வருசத்துக்குக் கதைக்கப்படும். நம் வீட்டுக்கு வந்தவர்களின் வீட்டுக்குத் திரும்பப் போகாமல் விட்டால் அதைவிட மோசம், செத்தவீட்டிலும் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே அவர்கள் ஒஸ்லோவில் காலையில் ஒரு வீட்டில் இடியப்பம் சாப்பிட்டு, மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறு சாப்பிட்டு, பின்னேரம் மூன்றாவது வீட்டில் றோல்சும் வடையும் தட்டில் விழ விழ, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இருந்தார்கள். கோபுரம் பார்க்கவேண்டும் என்று கஜலக்சுமி சொன்னபோதெல்லாம், கோபுரம் எங்கையும் போகாது என்று வரதராசா சொன்னார். அந்த ஒரு விசயத்தில் அவர் சொன்னது பிழையாய்ப்போனது.

இரண்டு வருடம் கழித்துக் கொப்பன்ஹேகனில், வரதராசாவின் பெரியப்பா மகள் மனோகரியின் வீட்டில், புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மனோகரி கதவைத் திறந்தாள். துறைமுகத்துக் கல்லில் இருக்கிற வெண்கலக் கடற்கன்னி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீடு நாலாம் மாடி, மின்தூக்கி அன்று பழுது, படி முழுவதும் தண்ணீர். மனோகரி யாருக்கும் சொல்வதுபோல உள்ளே வரச் சொல்லி, துடைக்க ஒரு துவாயும் எடுத்துக் கொடுத்தாள். கடற்கன்னி வரவில்லை. செற்றி இருக்கையில் மடியில் தட்டோடு இருந்த கஜலக்சுமியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, துவாயை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். தமிழரின் கடலோடி மரபு குறித்துப் பேசிக்கொண்டிருந்த வரதராசா, குளிர் வருகிறது, கதவைச் சாத்தும்படி கேட்டார். அதே நேரம் துறைமுகத்தில் சுற்றுலாப் பயணிகள் வெறுங்கல்லைப் படமெடுத்துக்கொண்டு, நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

ஸ்ரொக்ஹோமில் கப்பல் வந்தது. ராசா ஒருவர் ஆசையாகக் கட்டுவித்து, மேலே பாரமும் அலங்காரமும் கூடிப்போனதால், முதற்பயணத்தில் கரையை விட்டுக் கொஞ்சத்தூரம் போனதுமே கவிழ்ந்த கப்பல் அது. முந்நூறு வருசத்துக்குமேல் தண்ணீருக்கடியில் கிடந்துவிட்டுக் கிளப்பி எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் இருப்பது. பனி வழித்த ஒழுங்கையால் மெல்ல வந்து, வரதராசாவுக்கு மருமகன் முறையான ஒருவரின் வீட்டுப் பலகணிக்கு நேரே நின்றது. வரதராசா கையில் கடித்த பற்றிசோடு எழும்பிப் போய் அதை நெடுநேரம் பார்த்தார். ஏனோ அவருக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டானது.

ஒவ்வொரு முறையும் ஓல்டனுக்குத் திரும்பியதும் அவர் தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ‘வடதேசங்களின் வாழ்வியல்’ என்று உரையாற்றுவார். திரையில் படங்கள் போகும். எல்லாப் படத்திலும் ஒரு செற்றி, ஒரு கண்ணாடி மேசை, நடுவில் வரதராசா; நாட்டுக்கு நாடு திரைச்சீலை மட்டும் மாறும். ஒரு படத்திலும் கஜலக்சுமி இல்லை, எடுத்தவள் அவள். ஒருமுறை முன்வரிசையில் இருந்த ஒருவர், அண்ணை ஒஸ்லோவிலை கோபுரம் பாக்கேல்லையோ என்று கேட்டார். கோபுரம் எங்களை வந்து பார்த்தது என்று வரதராசா உண்மையைச் சொன்னார். அதைக் கவித்துவம் என்று நினைத்து மண்டபம் கைதட்டியது. அந்த ஆண்டு ஓல்டனில் முருங்கைக்காய் விலை ஏறியது. ஊரில் அதுதான் கூடுதலாகக் கதைக்கப்பட்டது.

இப்படிப் பல வருசம் போனது. முதியோர் இல்லத்து ஆச்சிமார் ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் கஜலக்சுமியிடம் அந்த நகரம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அவளுக்கு என்ன சமைத்தார்கள் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மூட்டு மாற்றத்தான் வேண்டும், பிறகு எவ்வளவு நடக்கலாம் என்று இப்போது சொல்லமுடியாது, நடக்க ஆசைப்பட்ட நடை ஏதும் இருந்தால் முதலில் நடந்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். அவளுக்கு ஆசைப்பட்ட நடை ஒன்று இருந்தது. ஒரு நகரத்துக்குள் போய், யாருடைய செற்றியிலும் இருக்காமல், பின்னேரம் வரைக்கும் நடக்கவேண்டும். அதைக் கேட்டதும் வரதராசா சங்கடப்பட்டார். நடக்கலாம், ஆனால் மனோகரி அறிந்தால் என்ன நினைப்பாள் என்றார்.

அது அவர்களுடைய துவைக்கும் முறை நாள். அந்தக் கட்டடத்தில் நிலவறைச் சலவை இயந்திரம் வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கிடைக்கும். தவறவிட்டால் அடுத்த கிழமைதான். இருவரும் படுக்கை விரிப்பொன்றை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து உதறிக்கொண்டு நின்றார்கள்.

“வந்த ஆக்களிட்டைத் திரும்பப் போகாட்டி மரியாதை இல்லை எண்டு ஆர் சொல்லுறது?” என்று கஜலக்சுமி கேட்டாள்.

“நான்தான். அதுக்கென்ன?”

“அந்தக் காலில்லாத பிள்ளை நாலாம் மாடிக்கு ஏறி வந்து நிண்டது. ரெண்டு காலும் இருக்கிற நாங்கள் செற்றியிலை இருந்தம். இன்னும் திரும்பப் போகேல்லை.”

வரதராசா கூட்டங்களில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை ஒரு சொல்லில் இருத்தியவர். இப்போது சலவை இயந்திரம் தண்ணீரைச் சுழற்றி வெளியே விடும்வரை விரிப்பைப் பிடித்தபடி யோசித்தார். தன்னுடைய சட்டத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். அதில் வெண்கலத்துக்கு விதிவிலக்கு இருக்கவில்லை. பிறகு நடந்து வந்து, தன் கையில் இருந்த இரண்டு மூலைகளையும் அவள் கையில் வைத்தார்.

“வெறுங்கையோடை போகேலாது,” என்றார். “என்ன கொண்டு போவம்?”

கஜலக்சுமி பயற்றம் பணியாரம் சுட்டாள். அந்த வைகாசியில், மனோகரிக்குச் சொல்லாமல், அவர்கள் கொப்பன்ஹேகனில் இறங்கினார்கள். பணியாரத் தகரப்பெட்டியை வரதராசா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தெரிந்த முகம் வந்தால் திரும்பிக்கொள்ள ஆயத்தமாக நடந்தார். ரயில் நிலையத்திலேயே யாரோ ஒரு பெடியன் வணக்கம் அண்ணை என்று சொல்லிக் கடந்தபோது, இனி உலகம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார். கஜலக்சுமி காதில் விழுத்தவில்லை. அவள் கால்வாய்க் கரையில் நிறம் நிறமாக நின்ற வீடுகளைப் பார்த்தாள், வட்டக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள், கரையோர வாங்கொன்றில் அமர்ந்து முழங்காலைத் தடவினாள், எழும்பி நடந்தாள். ஒரு கட்டடமும் இடம் விட்டு அசையவில்லை. ஆள் வரும்போது வீட்டில் இருப்பதுதான் மரியாதை என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நடக்க நடக்க வரதராசா தகரத்தை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையை அவளுக்குக் கொடுத்தார்.

கடற்கன்னி கல்லில் இருந்தாள். சுற்றி நின்றவர்கள் சின்னதாக இருக்கிறது என்றார்கள். கஜலக்சுமிக்கு அவள் சரியான அளவாகவே தெரிந்தாள். அழைப்பு மணிக்கு எட்டுகிற அளவு. தகரத்தைத் திறந்து ஒரு பணியாரத்தைக் கடற்கன்னியின் மடியில் வைத்தாள். அப்போது வரதராசாவின் கைபேசி அடித்தது. மனோகரி. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் முழங்காலில் கைவைத்தபடி கல்லில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை இந்த வெளிச்சத்தில் தான் ஒருபோதும் படமெடுத்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. கைபேசியைக் காதில் வைத்தார்.

“ஓம் பிள்ளை, இஞ்சைதான் நிக்கிறம். உன்னட்டை வரேல்லை. வேறை ஒராளிட்டை வரவேண்டிக் கிடந்தது.”

எந்த ஆள் என்று மனோகரி இறுகிய குரலில் கேட்டாள்.

“உன்ரை வீட்டுக்கு வந்து துவாயைத் திருப்பித் தந்த பிள்ளை.”

வரதராசா பத்து வருசக் கதையை எதிர்பார்த்துக் கண்ணை மூடினார்.

“அவ அதுக்குப் பிறகும் என்னட்டை வந்தவ அண்ணை,” என்றாள் மனோகரி. “முப்பது வருசமா இந்த ஊரிலை இருக்கிறன், நான் ஒருக்காவும் போகேல்லை. நில்லுங்கோ, வாறன்.”

அவள் பெரிய ஐஸ்கிறீம் பெட்டிகளில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்தாள். அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. மூன்று பேரும் கல்லில் இருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் வரதராசா எழுந்து, சால்வையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார்.

“இருங்கோ,” என்றாள் கஜலக்சுமி.

அவர் திரும்பவும் கல்லில் இருந்தார். சொல்லப்படாத அந்த உரைதான் அவர் வாழ்க்கையில் ஆற்றியவற்றுள் சிறந்தது என்று மனோகரி இன்றைக்கும் சொல்வாள். பிறகு அவர் கைபேசியை எடுத்து, கஜலக்சுமியைக் கடற்கன்னிக்குப் பக்கத்தில் இருத்திப் படமெடுத்தார். விரல் பழக்கமில்லாததால் படத்தின் ஒரு மூலையில் அவருடைய பெருவிரலும் விழுந்திருக்கிறது.

ஆனியில் மூட்டு மாற்றினார்கள். ஒன்றியத்தின் அடுத்த விழாவில் திரையில் ஒரேயொரு படம் போனது; பெருவிரலைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். கால் எவ்வளவு தூரம் பழையபடி வரும் என்று இன்னும் தெரியாது. இப்போதைக்கு அவள் மூன்றாம் மாடி வீட்டில் யன்னலடிக் கதிரைக்கும் அடுக்களைக்கும் இடையே தடியூன்றி நடக்கிறாள். ஆரே ஆறு ரைனில் விழுகிறது, ரைன் வடகடலில் விழுகிறது. அதே வழியை எதிர்த்து வந்தால் ஓல்டன் வரும். ஒரு வியாழக்கிழமை காலை கடற்கன்னி அப்படித்தான் வந்தாள். இம்முறை உள்ளே வந்து, கஜலக்சுமிக்குப் பக்கத்தில் இருந்து, தேத்தண்ணியும் குடித்தாள். இருவரும் கால் பற்றி ஏதோ கதைத்திருக்கவேண்டும். வரதராசா அடுக்களையில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தார், அவருக்குக் கேட்கவில்லை.

கடற்கன்னி போனபின் பயணச் செம்மல் வாளியும் துடைப்பமும் எடுத்து மூன்று மாடிப் படியையும் மேலிருந்து கீழே துடைத்தார். கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து, விருந்தாளியா என்று டொச் மொழியில் கேட்டார். ஆம், கொப்பன்ஹேகனிலிருந்து, அடுத்தது எங்கள் முறை, அதற்குள் மனைவியின் கால் சரிவந்துவிடும் என்று அவர் சொன்னார். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மூலை இன்னும் ஈரமாக இருப்பதைக் காட்டினார். வரதராசா திரும்ப ஏறிப் போய் அதையும் துடைத்தார்.