தம்பி சட்டைப்பையில் மூன்று ப்யூஸ்

ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றது. விடிந்தபோது நான்கு விரல்கடை இருந்தது.

புயல் அடித்து இன்று நான்காவது நாள். தெருவில் கரண்ட் இல்லை. மாமனாரின் மூச்சு மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. கைவசமிருந்த இரண்டு சிலிண்டர்களில் ஒன்று காலி. இன்னொன்று மத்தியானம்வரை தாங்கினால் பெரிய விஷயம். சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்ததால் புதிய சிலிண்டர் வர வழியில்லை, அவரைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் விசிலடித்தே வண்டியைக் கிளப்பிய மனிதர், இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் இரண்டு ஸ்டாப்பிங் நிற்க வேண்டியிருந்தது.

"என்னம்மா... முள்ளையே முறைக்கிற? டிக்கெட் எடுக்காம... ஏறிடுச்சா?"

"நீங்க பேசாம வந்தீங்கன்னா இன்னும் கொஞ்ச தூரம் போகும் மாமா."

"பேசக்கூடாதுன்னா... அப்புறம் மூச்சு எதுக்கு?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள்.

வாசலில் கணவன் டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்தி, ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தான். டிராக்டரின் பின்பக்கம் சுழலும் தண்டோடு இணைத்தால் ஓடுகிற ஜெனரேட்டர் அது. நான்கு வீட்டுக்குப் போதுமான கரண்ட் கொடுக்கும். பழையதாக வாங்கி இரண்டு மாதமாகியும் ஒரு நாள்கூட ஓடவில்லை. காரணம், அவளுடைய தம்பி.

தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். ஜெனரேட்டர் வந்த அன்றைக்கு ஆசையாகப் பார்க்க வந்தவன், அதோடு இருந்த வயரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டான். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில். வீடு முழுக்க லைட் எரியும். ஆனால் மெயின் ஸ்விட்ச் மேலே ஏறியிருந்தால், அதே கரண்ட் மீட்டர் வழியாகப் பின்னோக்கித் தெருக் கம்பிக்கும் போகும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கை வைப்பவன் கதி அவ்வளவுதான்.

"இடம் மாத்துற ஸ்விட்ச் போடுங்க அத்தான். தெருக் கரண்ட், இல்லன்னா ஜெனரேட்டர். ரெண்டுல ஒண்ணுதான் வீட்டுக்குள்ள வரணும்."

"எனக்குத் தெரியாதா? மெயினை இறக்கிட்டுத்தான் போடுவேன்."

தம்பி கட்டிங் பிளேயரை எடுத்து, தெருவே பார்க்க அந்த வயரை நடுவில் வெட்டினான். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. "என் வாசல்ல நின்னு என் வயரை வெட்டிட்டான்" என்று கணவன் இரண்டு மாதமாக அதையே மென்றுகொண்டிருந்தான். ஸ்விட்சும் போடவில்லை. வெட்டிய இடத்தைக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டி வைத்திருந்தான்.

இப்போது அந்த வயர்தான் அவன் தோளில் தொங்கியது. வீட்டில் வேறு நீள வயர் கிடையாது. கடைகளும் திறக்கவில்லை.

"தம்பி தெருக்கோடிக் கம்பத்துல ஏறியிருக்கான். நீங்க பார்க்கலையா?" என்றாள்.

"பார்த்தேன். மெயினை இறக்கிட்டேன். போதாதா?"

"முந்தாநாளும் இறக்கித்தான் வச்சிருந்தீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விஷயம் இரண்டு பேருக்கும் தெரியும். கிளம்பாத இன்ஜினை உதைத்துப் பார்க்கிற மாதிரி, கரண்ட் போய்விட்டால் மெயின் ஸ்விட்சைப் போகிற போக்கில் மேலே தள்ளிப் பார்ப்பது அவன் பழக்கம். இந்த நான்கு நாளில் எத்தனை தடவை தள்ளினான் என்பது அவனுக்கே தெரியாது.

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்க மேல இருக்கு. உங்க கை மேலதான் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெயின் போர்டைத் திறந்தாள். தெருக் கரண்ட் வீட்டுக்குள் நுழையும் வழியில் மூன்று பீங்கான் ப்யூஸ் கட்டைகள்; அவை இல்லாவிட்டால் மெயின் மேலே ஏறினாலும் கரண்ட் வெளியே போகாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கம்பத்தில் ஏறும் லைன்மேன், கீழே பிடுங்கிய ப்யூஸைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். இடையில் யாரோ வந்து மாட்டிவிடக் கூடாதே. வேலையில் சேர்ந்த முதல் வாரமே தம்பி இதை அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"நான் அவன்கிட்ட குடுத்துட்டு வர்ற வரைக்கும் வண்டியைக் கிளப்பாதீங்க."

கணவன் சாவியை எடுத்து டிராக்டர் சீட்டின் மேல் வைத்தான்.

தெருக்கோடியில் தம்பி இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்து மேலே தொங்கிக்கொண்டிருந்தான். சாமான் ஏற்றும் கயிற்றில் ஒரு கித்தான் பை தரைக்குத் தொங்கியது. அவள் மூன்று கட்டைகளையும் அதில் போட்டுக் கயிற்றை ஆட்டினாள்.

பை மேலே போனது. அவன் உள்ளே பார்த்தான். கீழே பார்த்தான்.

"என்னக்கா இது?"

"எங்க வீட்டு ப்யூஸ். சிலிண்டர் தீரப்போகுது. ஜெனரேட்டர் போடணும்."

"அந்த வயரா?"

"அதேதான்."

அவன் பைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"மூணும் இருக்கா?"

"எண்ணிப் பாரு."

எண்ணினான். சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டினான்.

"போய்ப் போடச் சொல்லு. டிராக்டர் சன்னல் பக்கம் நிக்க வேண்டாம், புகை உள்ள போகும். சுத்துற தண்டுகிட்ட உன் முந்தானை போகக்கூடாது."

"சரிடா வாத்தியாரே."

அவள் திரும்பியபோது முள் சிவப்பைத் தொட ஒரு விரல்கடைகூட இல்லை. டிராக்டரை வாசலிலிருந்து வேலியோரம் நகர்த்தி, வயரைச் செருகி, ஜெனரேட்டரை ஓடவிட்டான் கணவன். மூச்சு மெஷின் ஒரு தடவை முனகி, கீச்சென்று கத்தி, நின்றது.

"ஏங்க, கத்துது."

காலியாக நிற்கும் வண்டிக்கு எதற்கு இத்தனை டீசல் என்று, உழுகிறவன் கை தானாக ஆக்ஸிலேட்டரைக் குறைத்திருந்தது. அவள் ஜெனரேட்டர் மீட்டரைப் பார்த்தாள். முள் நாற்பதில் ஆடியது; ஐம்பதில் நின்றால்தான் வீட்டுக்கு வரும் கரண்ட் சரியாக இருக்கும்.

"ஏத்துங்க. இன்னும். ஐம்பது. அப்படியே வச்சுக்கங்க, கையை எடுக்காதீங்க."

உள்ளே மெஷின் சீராக மூச்சுவிட ஆரம்பித்தது. அவள் சிலிண்டரை மூடி, குழாயை மெஷினுக்கு மாற்றினாள். மாமனார் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ரைட்... போலாம்."

கணவன் சீட்டை விட்டு இறங்கவில்லை. கை லீவரில், கண் மீட்டரில். மூன்று மணி நேரம் அப்படியே. சாப்பாட்டை அவள் ஊட்டிவிட வேண்டியிருந்தது. "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்காரல நீங்க" என்றாள். வாய் நிறைய சோறு இருந்ததால் அவன் தப்பித்தான்.

சாயங்காலம் நெருங்க, எதிர்வீட்டு டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. பக்கத்து வீட்டு டிவி கத்தியது. தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது, அவர்கள் வீட்டைத் தவிர. அதற்கான மூன்று கட்டைகளும் ஊர் சுற்றும் ஒரு சட்டைப்பையில் இருந்தன.

ஐந்து நிமிஷத்தில் தம்பியின் வண்டி வாசலில் நின்றது. கீழே இறங்கினான், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. டிராக்டர் இரைச்சலில் அவளிடம் கத்தினான்.

"அவரை நிறுத்தச் சொல்லுக்கா. வயரை உருவின பிறகுதான் ப்யூஸ் மாட்டுவேன்."

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த கணவனும் அவளிடம்தான் கத்தினான்.

"நிறுத்தினா அப்பாவுக்கு மெஷின் நிக்கும். எவ்வளவு நேரம் ஆகும்னு கேளு."

"ரெண்டு நிமிஷம்னு சொல்லு."

"நான் என்ன போஸ்ட்மேனா?" என்றாள் அவள். "சிலிண்டர்ல மிச்சம் இருக்கு, நான் மாத்துறேன். ரெண்டு பேரும் பேசித் தொலைங்க."

சிலிண்டரைத் திறந்து, சன்னல் வழியாகக் கை காட்டினாள். டிராக்டர் நின்றது. திடீரென்று அத்தனை அமைதி.

கணவன் இறங்கி, தானே போய் வயரின் இரண்டு முனையையும் உருவினான். சுருட்டித் தம்பியிடம் நீட்டினான். தம்பி கறுப்பு டேப்பைத் தடவிப் பார்த்தான்.

"ஒட்டு நல்லா போட்டிருக்கீங்க அத்தான்."

"வெட்டு சுத்தமா இருந்துச்சு."

தம்பி வேறுபக்கம் பார்த்துக்கொண்டான்.

"மூணும் பத்திரமா இருக்கா?" என்றான் கணவன்.

"நெஞ்சு மேலயே வச்சிருந்தேன்."

"எனக்கும் அங்கதான்டா இருந்துச்சு. உட்கார்ந்த இடத்துல இருந்து நீ ஏறின கம்பம் தெரியும்."

தம்பி அக்காவைக் கூப்பிட்டு மூன்று கட்டைகளையும் கொடுத்தான்; அவள் மாட்டியதும் மெஷின் திரும்ப ஓடியது. பிறகு தன் வண்டியின் சீட்டைத் தூக்கி ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தான். தூசி படிந்து மூலை நசுங்கியிருந்தது. இடம் மாத்துற ஸ்விட்ச். வயரை வெட்டிய மறுநாளே வாங்கியதாம். கொடுக்க வாய் வராமல் இரண்டு மாதமாக அதன் மேலேயே உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறான்.

கணவன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஸ்க்ரூ டிரைவர் என்கிட்டயே இருக்கு. எங்க மாட்டணும்னு காட்டு."

தம்பி இன்னும் வாசற்படியிலேயே தயங்கிக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலிலிருந்து அந்தப் பழைய குரல், குழாய்க்குள்ளிருந்து இழுத்து இழுத்து வந்தது.

"படியில... நிக்காதப்பா. உள்ள வா... உள்ள இடம் இருக்கு."