கைப்பிடியோடு வீட்டில் உட்கார்ந்தவள்

எதிர்வீட்டு வெயில்காரி வேலை நாளில் வீட்டில் இருக்கிறாள். என்ன ஏது என்று விசாரிக்காமல் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? அவள் புருஷன் தையல்காரர். கிழிசல் ஒன்று கையில் இருந்தால் அந்த வீட்டுக்குள் நுழைய வேறு காரணம் வேண்டாம். தலையணை உறை ஒன்றைக் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டு கிளம்பினேன்.

அவள் போனும் கையுமாகச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா. அவளைப் பாக்காதீங்க, தலை சுத்தும். சுவரைப் பாருங்க," என்றார் தையல்காரர், மிஷினை மிதித்தபடி.

"என்னம்மா, வேலையை விட்டுட்டியா?"

"நான் விடலக்கா. அவங்களா விட வச்சிடுவாங்க போல."

மிஷின் மேசையில், துணிக் குவியலுக்கு நடுவே, கனமான இரும்புக் கைப்பிடி ஒன்று கிடந்தது. என் கண்ணுக்குத் தப்புமா? கேட்டேன். நடந்துகொண்டே சொன்னாள்.

ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகக் கண்ணாடி நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்களே, அங்கேதான் அவள் இன்ஜினியர். அதனால்தான் தெருவில் அவளுக்கு வெயில்காரி என்று பேர். அவள் பொறுப்பில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் உலோகப் பொடி, பொடிக்குள் ஹைட்ரஜன். பகல் வெயிலில் சூடேறினால் ஹைட்ரஜன் பொடியைப் பிரிந்து பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் திருப்பி அனுப்பினால், பொடி அதை இழுத்துக்கொண்டு, வாங்கிய சூட்டையெல்லாம் கக்கும். வெயில் போன பிறகும் கரண்ட்.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய், திரும்பி வந்ததும் வீடு சூடாகுமே, அந்த மாதிரியா?"

"எங்க வீட்ல போகாமலே சூடுதான்," என்றார் தையல்காரர்.

அவள் சிரிக்கவில்லை. புதுப் பொடி முதல் தடவை ஹைட்ரஜனைச் சட்டென்று தொடாதாம். சும்மா கிடக்கும். எப்போது இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இழுக்க ஆரம்பித்தால் தொட்டியின் அழுத்தம் இறங்குமாம். போன தொட்டியில் இவளே பொறுமை கெட்டு, வாயுவை வெளியேற்றி மூடியைத் திறந்துவிட்டாள். காற்றுப் பட்டுப் பொடி பாழ். அதிலிருந்து அங்கே ஒரு வழக்கம்: புதுத் தொட்டிக்குள் வாயுவை விட்டதும், வாயு போய் வரும் வால்வின் கைப்பிடியைக் கழற்றி, பொறுப்பானவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும்; பொடி இழுக்கும்வரை திரும்பக் கூடாது. திறந்து பார்க்க அரிக்கிற கைகள் அங்கே நிறைய இருக்கின்றனவாம், இவளுடையதும் சேர்த்து. அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறக்கிற வால்வு வேறு உண்டாம். அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தப் பொடியும் போச்சுன்னா தொட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, சூட்டைச் சேத்து வைக்க உப்பை உருக்கி வைக்கிற தொட்டி வாங்கப் போறாங்க. எங்க பிரிவையே மூடிடுவாங்கக்கா."

போன் அடித்தது. கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஷிப்ட் அண்ணன். எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அழுத்த முள் நேத்து நின்ன இடத்துலயே நிக்குதும்மா. அப்புறம், மேலாளர் கார் எடுத்துக்கிட்டு அங்கதான் வர்றாரு. கைப்பிடிக்கு."

அவள் கைப்பிடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"குடுத்துத் தொலைச்சிடலாமா? பொடி நிஜமாவே செத்திருந்தா?"

"போன தடவை நீயே கெடுத்த," என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி. "இந்தத் தடவை அவரு கெடுக்கணுமா?"

மேலாளர் வந்தார். உட்காரவில்லை.

"குடும்மா. வாயுவை வெளியேத்திட்டு, மூடியைக் கழட்டி என்னன்னு பாத்துடுவோம்."

"திறந்தா பொடி போச்சு சார்."

"திறக்காட்டி மட்டும் வாழுதா?"

"காபி குடிக்கிறீங்களா சார்? சர்க்கரை சேத்துக்கலாமா, இல்ல டாக்டர் வேண்டாம்னுட்டாரா?" என்று நான் நடுவில் புகுந்தேன். அந்த மனுஷன் என்னை முறைத்த முறைப்பில் என் தலையணை உறை தானாகவே தைத்துக்கொண்டிருக்கும்.

"குடுக்க மாட்டேன் சார்," என்றாள் அவள். கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் விடுங்க. அப்பவும் அசையலைன்னா நானே திறக்கறேன். நானே வேலையை விட்டும் போயிடறேன்."

"எங்களுக்கு இன்னொரு கைப்பிடி செய்யத் தெரியாதா?" அவர் வாசலுக்குத் திரும்பினார்.

மறுபடி போன்.

"முள் இறங்குதும்மா!"

மேலாளர் படியிலேயே நின்றார். "எங்கயாவது கசியுதா இருக்கும்."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். "அண்ணே, தொட்டி சூட்டைப் பாருங்க. கசிஞ்சா சூடு ஏறாது. பொடி இழுத்தாதான் ஏறும்."

ஷிப்ட் அண்ணன் பார்க்கப் போனார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இது தெருவுக்கே அதிசயம்.

"ஏறுது," என்றார் ஷிப்ட் அண்ணன். "ஐயோ, நல்லாவே ஏறுதும்மா!"

ஒரு சிரிப்பு, ஒரு அழுகை? ஒன்றும் கிடையாது. "வாயு பத்தாது, இன்னும் விடணும், ஓடணும்," என்று ஒரு காலில் தன் செருப்பையும் மறுகாலில் புருஷன் செருப்பையும் மாட்டிக்கொண்டு, கைப்பிடியோடு மேலாளருக்கு முன்னால் அவர் காரிலேயே ஏறி உட்கார்ந்தாள். வழியனுப்புவதுபோல் நானும் கார் வரைக்கும் போனேன்.

"எப்படிம்மா அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் அவர், சாவியைத் திருகியபடி.

"தெரியலையே சார். தெரிஞ்சிருந்தா ஆபீஸ்லயே உக்காந்திருப்பேனே," என்றாள். "வண்டியை எடுங்க."