கூண்டைத் தொட்ட மரம்

பல் டாக்டருக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். அவள் அண்ணன் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன மரத்தை வெட்ட ஆள் வந்த அன்றும் அப்படித்தான். மரத்தைப் பக்கத்து வீட்டுத் தபால்காரரின் பக்கமாகத்தான் சாய்க்க முடியும். இடையில் வேலி கிடையாது. மரத்தடியிலிருந்து எட்டு மீட்டரில் அவருடைய கோழிக்கூண்டு.

“கூண்டை நகர்த்திட்டு வெட்டலாம்மா” என்றார் மரம் வெட்டுபவர்.

“எதுக்குண்ணே? மரம் அவ்வளவு தூரம் எட்டுதான்னு கணக்குப் போட்டாப் போச்சு!”

“ரெண்டு பேர் பிடிச்சா நகர்ந்துடும். சும்மா இரேன்” என்றாள் அண்ணி.

நாத்தனார் கேட்பாளா? கோணமானியில் நூலைக் கட்டி, நுனியில் சாவியைத் தொங்கவிட்டாள். பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை இடுக்கி உச்சியைப் பார்த்தாள். முப்பத்தைந்து டிகிரி.

“டேன் முப்பத்தஞ்சு, சுமாரா 0.7. பத்தால பெருக்கினா ஏழு. கூண்டுக்கு ஒரு மீட்டர் முன்னாடியே மரம் படுத்துடும். வெட்டுங்கண்ணே!”

தபால்காரரும் டாக்டர் சொல்லாயிற்றே என்று தலையாட்டிவிட்டார்.

மரம் முறிந்து நேராகத்தான் விழுந்தது. உச்சிக்கிளைகள் மட்டும் கூண்டின் கூரையில் சடசடவென்று இறங்கின. கதவு தெறித்துத் திறந்தது. கோழிகள் கொக்கரித்துக்கொண்டு நாலாபக்கமும் பறந்தன. ஒன்று தபால்காரரின் தலைமேலேயே உட்கார்ந்தது.

டாக்டர் மனசுக்குள் மறுபடி பெருக்கிப் பார்த்தாள். ஏழுதானே? எங்கே பிசகிற்று? நின்ற இடத்தைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“அண்ணி... கோணத்தை என் கண்ணுலேருந்து பாத்தேன். தரைக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கிற ஒன்றரை மீட்டரைக் கூட்டல.”

“அந்த ஒன்றரை மீட்டர் யாருடி?”

“நான்தான்.”

“எல்லாத்தையும் கணக்குல சேத்த, உன்னை விட்டுட்டியா!” அண்ணி சிரித்த சிரிப்பில் தபால்காரரும் சேர்ந்துகொண்டார். கோழி இன்னும் தலையில்தான் இருந்தது.

கோழிகளையெல்லாம் பிடித்து அடைப்பதற்குள் டாக்டருக்கு முழங்கை வரை கீறல். கூரைக்குப் புதுத் தகரமும் அவளே வாங்கி வந்தாள். சாய்வு இருபது டிகிரி, அடிப்பக்கம் ஒரு மீட்டர், அப்படியானால் சாய்ந்த பக்கம் எவ்வளவு என்று விரலை மடக்க ஆரம்பித்தாள்.

அண்ணி டேப்பை நீட்டினாள். டாக்டர் ஒரு கணம் தயங்கி, கூரையை அளந்தாள்.

“ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஆறு” என்றாள். பிறகு, அண்ணி அந்தப் பக்கம் திரும்பியதும், அவசர அவசரமாகக் காஸ் இருபது டிகிரிக்குக் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.