கேட்டுப் பார்க்கும் அறை

ஸ்பீக்கர் கடையில் அவனுக்கு வைத்திருந்த பெயர் நீதிபதி. எந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் டீ கிளாஸைக் கீழே வைக்கமாட்டான். போர்ப் படங்களும், உலகமே நாசமான பிறகு நடக்கிற படங்களும் என்றால் அவனுக்கு உயிர். ரத்தம் அதிகமானால் மார்க்கைக் குறைப்பான். வீரவசனம் வந்தால் இன்னும் குறைப்பான்.

"குண்டு விழறதைக் காட்டறது பெரிய விஷயமில்ல. விழறதுக்கு முன்னாடி அந்த வீட்டுல என்ன பேசிட்டிருந்தாங்கன்னு காட்டணும்" என்பான்.

"நீ எங்கடா குண்டைப் பாத்தே? உங்க வீட்டுல குக்கர்கூட வெடிச்சதில்ல" என்று கேஷியர் அக்கா காலை வாருவாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, அப்புறம் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருப்பான்.

கடையின் பின்பக்கம் ஒரு அறை. நான்கு சுவரிலும் பஞ்சு, கனத்த திரைச்சீலை, நடுவில் ஒரு சோபா. கதவைச் சாத்தினால் தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். வாங்க வந்தவரை அங்கே உட்காரவைத்து, விளக்கைத் தணித்து, முதலில் அமைதியான காட்சியாகப் போடவேண்டும். சரியாகக் கேட்கவில்லையே என்று அவர் முன்னால் சாய்வார். அந்த நேரம் பார்த்துக் குண்டு விழவேண்டும். சோபா அதிரும், பில் போட்டுவிடலாம். இந்த வித்தையில் அவனை அடித்துக்கொள்ள அந்தக் கடையில் ஆளில்லை.

அன்றைக்கு வருவது அண்ணி. போர் நடந்த ஊரிலிருந்து வந்தவள். அண்ணனுக்கு மனைவியாக இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வாசற்படியைத் தாண்டவில்லை. காய்கறிகூட அண்ணன்தான் வாங்கி வருவான். அப்படிப்பட்டவள், பாட்டுக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் வேண்டும், நானே வந்து கேட்டுப் பார்த்து வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"டேய், அவளாவே கிளம்பறா" என்றான் அண்ணன் காலையிலேயே. "இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா நாளைக்குக் கடைத்தெரு, அப்புறம் வேலைக்குக்கூடப் போவா. ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா மறுபடி கதவைச் சாத்திக்குவா. உன் குண்டு கிண்டெல்லாம் வேணாம்."

"எனக்குத் தெரியாதாண்ணா."

அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. போர்ப் பட டிஸ்க்குகளை எல்லாம் அறையிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறைக்குள் பூட்டினான். விட்டுப்போனது ஏதும் உண்டா என்று மறுபடி போய்ப் பார்த்தான். மிச்சமிருந்தவை கற்பனை ஊர்களின் படங்கள். எங்கேயும் நடக்காதவை. அதனால் பாதகமில்லை என்று முடிவுசெய்தான்.

அண்ணனோடு அண்ணி வந்தாள். பாட்டைக் கேட்டாள். சின்ன ஸ்பீக்கர் பிடித்துப்போனது. கிளம்பவேண்டியதுதான். அப்போது திரையைக் காட்டி, "தம்பி, சாப்பிடறப்பல்லாம் சொல்வீங்களே, அந்தப் படமெல்லாம் இதுலதான் பாப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அவன் பேச்சுக்குக் காதுகொடுத்த ஒரே ஆள்.

"ஒண்ணு காட்டறேன் அண்ணி. சண்டையே கிடையாது."

வெறிச்சோடிய நகரம். தண்ணீருக்கு நீண்ட வரிசை. யாரும் பேசவில்லை. பின்பக்க ஸ்பீக்கரில் மெல்லிய விமான இரைச்சல் ஒன்று கிளம்பி, தலைக்கு மேலே வந்து, போகாமல் அங்கேயே சுற்றியது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணி கத்தவில்லை. எழுந்து, சுவரைத் தடவி, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அணைத்தாள். அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்காரவைத்தாள். அடுத்து இவன் தலையில் கையை வைத்துக் கீழே அழுத்தினாள்.

"தம்பி, தலையைத் தூக்காதீங்க."

ரிமோட் அவன் கையில்தான் இருந்தது. அழுத்தத் தோன்றவில்லை. அந்தக் கை அழுத்திய வேகத்தில், மேலே ஏதோ இருக்கிறது என்று அவனே ஒரு கணம் நம்பிவிட்டான். பிறகுதான் விரல் நகர்ந்தது. இரைச்சல் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

"இருங்க. நின்னுட்டா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல."

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஸ்பீக்கர் கடையிலேயே கிடந்தது.

"அதுல ஒரு குண்டுகூட இல்லண்ணா" என்றான் அவன்.

"பேசாம வா."

அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டி, அவன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே வந்து அடுப்படியில் நின்றாள்.

"தம்பி, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"எந்தப் பொண்ணு அண்ணி?"

"மேல பாத்துச்சே. பாக்கக்கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். விட்டுவந்த குடத்தை எடுக்கத் திரும்பிப் போவாள். அடுத்த காட்சியில் குடம் மட்டும் இருக்கும். அந்த முடிவுக்குத்தான் அவன் முழு மார்க் கொடுத்திருந்தான். 'அழவும் வைக்கல, ஆறுதலும் சொல்லல, அதுதான் நேர்மை' என்று டீக்கடை பெஞ்சில் முழங்கியிருந்தான்.

"தெரியல அண்ணி. நான் கடைசிவரைக்கும் பாக்கல."

கடைசிப் பெயர் ஓடி முடிவதற்குள் எழுந்துபோகிறவர்களைத் திட்டித்தீர்க்கிறவன் சொன்ன பதில் இது.

"பாதியில விட்டா அது அங்கேயே நிக்கும். எனக்குத் தூக்கம் வராது" என்றாள் அண்ணி. "நாளைக்குப் போய் மிச்சத்தைப் பாத்துடலாம். கதவைத் திறந்து வச்சுக்கலாம் இல்ல?"

அடுப்படி வாசலில் நின்ற அண்ணனின் முகம் அப்போதுதான் தெளிந்தது. "நாளைக்கா? நீயாவே வரேங்கறியா?"

"ஆமா" என்றவள் கூடத்துக்குப் போனாள்.

அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "முடிவு எப்படிடா?"

அவன் சொன்னான். அண்ணன் கை நீட்டிக் குழாயை மூடினான்.

"உங்க கடையில வெட்டி ஒட்டி வேற முடிவு வைக்க முடியாதா?"

"நல்ல இடமாப் பாத்து நிறுத்திடலாம்."

"நிறுத்தினா அவ விடுவாளா?"

படத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். பாலத்தில் நிறுத்தலாமா, பேருந்தில் நிறுத்தலாமா என்று தேடினான். எந்தக் காட்சியிலும் அந்த இரைச்சல் இல்லாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் வரமாட்டாள். சொல்லாவிட்டால், அந்தப் பெண் குடத்தை எடுக்கத் திரும்பும்போது பக்கத்தில் அவன்தான் உட்கார்ந்திருப்பான்.

கூடத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "தம்பி, கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

அண்ணன் அவனையே பார்த்தான்.

"பத்து மணிக்கு, அண்ணி" என்றான்.