உதிர்ந்த நான்கு ஓடுகள்

"இல்ல" என்றார் கலைச்செல்வன்.

சிவரஞ்சனி பிரஷைக் கீழே வைத்தாள். ஜன்னலோரமாக இழுத்துப் போட்டிருந்த சாப்பாட்டு மேசையில், கிழித்த காலண்டர் தாளின் மேல் அந்த நீர்மூழ்கிக் கப்பல் கிடந்தது. ஒரு சாண் நீளம். மேல் பாதி கறுப்பு, அடிப்பாதி மங்கிய காவிச் சிவப்பு. பெட்டியின் மேலிருந்த படத்தில் எப்படியோ அப்படியேதான் வந்திருந்தது. எங்கும் ஒரு திட்டு இல்லை, பிரஷ் இழுத்த கோடு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை.

"எதுங்க இல்ல? கலரா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான இருக்கு?"

"இல்ல. இல்ல."

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மின் பராமரிப்பு வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வழியில்லை என்றார் அரியலூர் டாக்டர். பசிக்கிறது என்பதற்கும் இல்ல, போதும் என்பதற்கும் இல்ல, சிறுநீர் முட்டுகிறது என்பதற்கும் இல்ல. இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் ஒன்று. சிவரஞ்சனி காதை வைத்துப் பழகிக்கொண்டாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் கலையரசிக்குப் போனில் அதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்வதும் அவள்தான்.

அவருக்குப் பிடித்த வேலை எதையாவது கண்ணெதிரே செய்துகாட்டுங்கள் என்று பிசியோதெரபி பார்க்க வரும் பெண் சொன்ன பிறகுதான், பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினாள். விழுவதற்கு முந்தைய வாரம் வரை அவர் ஒட்டிக்கொண்டிருந்த கப்பல் அது. பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருடம் இருந்தவர். அதில் பெரும்பகுதி விசாகப்பட்டினத்தில், இதே ரக நீர்மூழ்கியில். அதைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. கேட்டால், "இரும்புக் குழாய்க்குள்ள என்ன இருக்கும், டீசல் நாத்தம்தான்" என்பார்.

பெட்டிக்குள் ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. அவர் கையெழுத்து. இப்போது வராத கையெழுத்து. படிப்படியாக எழுதியிருந்தார். மேலே கறுப்பு, கீழே காவி. காய்ந்ததும் ஈரம் தொட்டு உப்புத் தூவி, மேலே சாம்பல் நிறம் மெலிதாக; உப்பைத் தேய்த்து உதிர்த்தால் வெளிறிய திட்டு. தண்ணீர் வடியும் துளைகளுக்குக் கீழே வெள்ளைக் கோடு. துரு. நீர்மட்டத்தில் பாசி. கடைசியாக வார்னிஷ். கறுப்பும் காவியும் மட்டும் போதும் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஒழுங்காக அடித்த பெயிண்டைப் போய் ஏன் அசிங்கப்படுத்த வேண்டும்?

அன்றுதான் புரிந்தது. அவர் இடக்கை விரல் அந்தத் தாளின் மூன்றாவது வரியைத் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.

"அழுக்காக்கணுமா?" என்றாள். "இந்த வூட்ல நான் நாள் பூரா அழுக்குத் தொடைக்கிறது பத்தாதா?"

அவர் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

செய்தாள். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருப்பவளுக்குச் சின்னச் சின்ன அளவுகளில் கை நடுங்காது. ஒவ்வொரு நிறம் முடிந்ததும் பிரஷைக் கழுவி டம்ளர் விளிம்பில் டிங் டிங் என்று தட்டுவாள்; அந்தச் சத்தத்துக்கு அவர் விரல் தாளின் அடுத்த வரிக்கு நகரும். உப்புத் தூவி உதிர்த்ததும், நேற்று வாங்கியதுபோல இருந்த கப்பல் பத்து வருடம் கிழடானது. துருவுக்கு என்ன செய்வது என்று யோசித்து, பள்ளியில் மூலையில் கிடந்த இரும்புத் தாங்கியைப் பிளேடால் சுரண்டி உண்மையான துருவையே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் அவர் கண்களை அகலத் திறந்து தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டுக்குத் தகராறு செய்யவில்லை.

ஆனால் அவளுக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, எட்டேகால் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு சாந்தா இருந்தாள். மகளுக்குப் பிரசவம் என்று அவளும் திருப்பூர் போய்விட்டாள். போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் அவருடைய பாரம் தாங்காமல் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஈரத் தரையில் அவருடைய கை தன் மேல் கிடக்க, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு, அப்பாடா, கொஞ்ச நேரம் எழுந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் பயந்துபோனாள். அன்று மாலையே குரும்பலூரில் இருக்கும் அவருடைய அக்கா வெற்றிச்செல்விக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு மாசம் இங்க இருக்கட்டும் ரஞ்சனி. மாமாவும் வூட்லதான் இருக்காரு, ரெண்டு பேரா தூக்கிக்குவோம். ஞாயித்துக்கெழம காருல வந்து கூட்டிக்கிறோம். அவன்கிட்ட நீயே சொல்லிடு."

வெள்ளிக்கிழமை வரை சொல்லவில்லை. சனிக்கிழமையும் காலையில் சொல்ல வாய் எடுத்து, இட்லியை ஊட்டினாள்.

அன்று மதியம் மேசைமுன் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து நிறுத்தினாள். பாசியும் முடிந்திருந்தது. வார்னிஷ் மட்டும்தான் பாக்கி என்று நினைத்தாள். அவர் விரல் நீண்டு, கப்பலின் நடுவே நிமிர்ந்து நிற்கும் கோபுரத்துக்குப் பின்னால், இடப்பக்கம், ஓரிடத்தைத் தொட்டது.

"துருவா?"

"இல்ல."

"உப்பா?"

"இல்ல."

விரலால் ஒரு சதுரம் வரைந்தார். மறுபடி அதன் பக்கத்திலேயே இன்னொன்று. அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கப்பல் உடம்பு முழுக்க ரப்பர் ஓடு பதித்திருப்பார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க, கொஞ்ச நாளில் அங்கங்கே உதிர்ந்துவிடும் என்று கலையரசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு முறை சொல்லியிருக்கிறார். மிகச் சின்ன பிரஷை எடுத்து வெளிறிய நிறத்தில் ஒரு கட்டம் வைத்தாள்.

"இல்ல." மூன்று விரல் காட்டினார். மடக்கி, ஒரு விரல்.

வரிசையாக மூன்று வைத்தாள். நாலாவதை முன்பக்கம் வைத்ததும் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். துடைத்துவிட்டுக் கீழே, கடைசிக் கட்டத்துக்கு நேர் அடியில் வைத்தாள். அடிப்பது நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைத்தது கூடத் தெரியவில்லை.

"இவ்வளவு கரெக்டா ஞாபகம் இருக்கா? எப்பங்க வுழுந்துச்சு இது?"

இடக்கையை மேசையிலிருந்து எடுத்தார். முழங்கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, உள்ளே ஏதோ இருப்பதுபோல மெல்ல ஆட்டினார். துண்டு கேட்கிறாரோ என்று எழுந்தாள். அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை. குனிந்து அந்த மடக்கிய கையையே பார்த்தார். அப்போதுதான் அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"நம்ம புள்ளையா?"

அவர் இல்ல என்று சொல்லவில்லை.

இருபத்துமூன்று வருடம் ஆயிற்று. முதல் பிள்ளை, ஆண். எட்டாம் மாதமே பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிறந்து ஒன்பது நாள் இருந்தது. அப்போது இவர் கப்பலில். தகவல் விசாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் கடலுக்கடியில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்ல மாட்டார்கள், கரைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள் என்று யாரோ அவள் அப்பாவிடம் சொன்னார்கள். குழந்தையைப் புதைத்து இருபத்தாறு நாள் கழித்து, தோளில் பையோடு இவர் வாசலில் வந்து நின்றார். பால் கட்டி, காய்ச்சல் வந்து, மெலிந்து கிடந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இவர் சொன்ன முதல் வார்த்தை, "பஸ்ஸு லேட்டாயிடுச்சு."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சண்டையில் கூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் ஒரு நாளும் மறந்ததில்லை. கலையரசி பிறந்தபோது பக்கத்திலேயே இருந்து எல்லாம் பார்த்தார், நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது, அவளும் சொன்னாள். உள்ளே ஓரிடத்தில் மட்டும் அந்த பஸ் இன்னும் வந்து சேரவில்லை.

"கப்பல் மேல வச்சா சொன்னாங்க? கரைக்கு வந்ததும்?"

கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க கீழ பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

விரல் மறுபடி அந்த நான்கு கட்டங்களுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. கீழே ஒன்று. சாவுச் செய்தி சொன்ன அதிகாரியின் முகத்தைப் பார்க்க முடியாமல், உதிர்ந்த ஓடுகளை எண்ணிக்கொண்டு நின்ற இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனை அவள் அன்றுதான் பார்த்தாள். துறைமுகத்தில் எல்லாரும் கையசைத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். இவன் எண்ணி முடித்து, திரும்ப முதலிலிருந்து எண்ணியிருப்பான். பிறகு ரயில், பிறகு பஸ்.

அவள் அழுவாள் என்று அவளே எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது, வருடக்கணக்காகத் தூங்காததுபோல ஒரு தூக்கம். அவருடைய இடக்கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே சொன்னாள்.

"நாளைக்கு அண்ணி வருது. குரும்பலூருக்குக் கூட்டிட்டுப் போக. ரெண்டு மாசம். எனக்கு முடியலங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அந்த 'இல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாகத் தெரியவில்லை. திருப்பிக் கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் கார் வந்துவிட்டது. வெற்றிச்செல்வியும் அவள் கணவரும் இரண்டு பக்கம் தாங்கி அவரை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மாத்திரைப் பை, துணிப் பை, ரப்பர் விரிப்பு, எப்படிச் சொல்லும் 'இல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று அவள் எழுதிய ஒரு தாள் எல்லாம் பின்சீட்டில் ஏறின. வெற்றிச்செல்வி அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ மொதல்ல ரெண்டு நாளு தூங்கு. கண்ணு குழில போயிருக்கு பாரு" என்றாள். சிவரஞ்சனி குனிந்து அவருக்கு பெல்ட்டை மாட்டினாள். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் திரும்பி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் போய் மறைந்தது.

உள்ளே வந்து தரையிலேயே படுத்தாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. போன் அடித்தபோது வெயில் மேசையைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது.

"வந்து சேந்துட்டோம் ரஞ்சனி. சோறு வச்சா வாயத் தொறக்க மாட்டேங்குறான். இல்ல இல்லங்குறான். நீ எழுதுன தாள வச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஒத்து வரல. என்னான்னு கேளு."

"அவருக்கிட்ட குடுங்க அண்ணி."

அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம். ஒரு ஃபேன் ஓடும் சத்தம். பிறகு மூச்சு.

"சொல்லுங்க" என்றாள்.

மூச்சு மட்டும்தான் வந்தது. வேகமாக, மேல்மூச்சாக.

 வந்துவிடுகிறேன் என்று சொல்ல அவள் உடம்பில் தெம்பில்லை. அங்கேயே இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். கப்பலுக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. நேற்றுக் கழுவாமல் விட்ட பிரஷ்கள் முடி விறைத்துக் கிடந்தன. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து, ஒவ்வொன்றாக அமுக்கிக் கரைக்கத் தொடங்கினாள். வெளிறிய நிறம் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கியது. பிரஷின் காம்பை டம்ளர் விளிம்பில் தட்டினாள். டிங், டிங்.

அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக வந்தது.

அவள் அடுத்த பிரஷை எடுத்தாள். போனின் திரையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டம்ளரில் தண்ணீர், உள்ளே இருப்பது எதுவும் தெரியாதபடி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கலங்கி ஏறியது.