மண்மேட்டைத் தாண்டிய அம்பு

நாய் செத்துப்போன பிறகும் மார்னி அதே பூங்காவில்தான் நடந்துகொண்டிருந்தாள். அடிலெய்டு நகரம் முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், யூகலிப்டஸ் மரங்களும் முட்புதருமாக மண்டிக்கிடக்கும் காட்டுப் பூங்கா அது. நாயோடு வருகிறவர்கள் அவளுடைய வெறுங்கையைப் பார்த்து ஒரு மாதிரிப் பரிதாபமாகச் சிரிப்பார்கள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. பூங்காவின் மேற்குக் கோடியில் ஒரு வில்வித்தைச் சங்கம் இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் இங்கே வருவதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும் என்று தோன்றியது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை காலை. காரை நிறுத்தி இறங்கியதுமே ஒரு கிழவர் வழிமறித்தார். வைக்கோல் தொப்பி, முழங்கால் வரை கால்சட்டை, கழுத்தில் பூதக்கண்ணாடி.

"நீயும் இந்தக் கூட்டத்துல சேர வந்தியாம்மா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"அந்த மேட்டுக்குப் பின்னாடி சிலந்தி ஆர்க்கிட் பூக்குது. இந்த மலையிலேயே வேற எங்கயும் கெடையாது. அது மேல அம்பு விடறானுங்க, பொழுதுபோக்காம்! இவனுங்கள இங்கேருந்து கெளப்பாம நான் விடப்போறதில்ல."

கார் காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்பதுதான் மார்னிக்கு வேலை. திட்டு வாங்கி வாங்கிப் பழகியவள். "பாத்து விடறேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பயிற்சி தருகிற கர்ஸ்டிக்கு அவளைவிட இருபது வயது குறைவு. வாரநாட்களில் தரைக்குக் கல் பதிக்கிற வேலை. தோள் அப்படி இருந்தது. "டெஸ்மண்ட் புடிச்சுக்கிட்டாரா? புதுசா யார் வந்தாலும் அவர்கிட்ட ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கணும். அதுதான் எங்க நுழைவுக் கட்டணம்" என்று சிரித்தாள். முன்கைக்குத் தோல் காப்பு கட்டிவிட்டாள். சிவப்புக் கொடி ஏறினால் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது, மூன்று விசில் கேட்டால்தான் அம்பெடுக்கப் போகலாம் என்று விளக்கினாள்.

கிட்டத்தில் இருந்த இலக்கில் மார்னி விட்ட அம்பெல்லாம் தைத்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. நாணை விட்டதும் உடம்புக்குள் ஏதோ ஒன்று அவிழ்கிற மாதிரி இருந்தது. நாய் போன பிறகு அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடேயப்பா! சரி வாங்க, தூரத்துப் பலகையில ஒண்ணு பாத்துரலாம்" என்றாள் கர்ஸ்டி.

மார்னி வில்லைக் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டாள். அம்பு பலகைக்கு மேலே போய், அதன் பின்னால் இருந்த மண்மேட்டுக்கும் மேலே போய், புதருக்குள் மறைந்தது. வரிசையில் நின்ற ஒருவர் "போச்சு, கங்காருக்குக் கொம்பு மொளச்சாச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கர்ஸ்டி மட்டும் சிரிக்கவில்லை. உடனே விசில் ஊதினாள்.

இருவரும் மேட்டைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் இறங்கினார்கள். மார்னியின் கண்ணில் முதலில் பட்டது ஒரு செருப்புக்கால். அப்புறம் கால்சட்டை. அப்புறம் அம்பு. நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அது குத்தியிருந்தது வைக்கோல் தொப்பியின் விளிம்பில். தொப்பிக்குப் பக்கத்தில் டெஸ்மண்டின் தலை. கண் மூடியிருந்தது. முகம் வெளிறி, உதடு சாம்பல் பூத்திருந்தது.

மார்னி ஓரடி பின்வாங்கினாள். கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மரத்தில் மாக்பை பறவை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. காலையில் அவரிடம் என்ன சொன்னோம்? பாத்து விடறேங்க.

"கொன்னுட்டேன்" என்றாள். யாரோ சொல்வது போலக் கேட்டது. "கர்ஸ்டி, நான் ஆளக் கொன்னுட்டேன்."

கர்ஸ்டியும் அசையவில்லை. அத்தனை பெரிய தோள்காரி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிழவரின் கண் திறந்தது.

"அம்பு இல்ல" என்றார், காற்றுப் போன குரலில். "பாம்பு."

குனிந்து பூவைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் காலில் கொத்தியிருக்கிறது, பழுப்புப் பாம்பு. எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் மயங்கி விழுந்துவிட்டார். நினைவு வந்தபோது கத்தப் பலமில்லை. கணுக்காலுக்கு மேலே இரண்டு சின்னக் கீறல்கள், ரோஜா முள் பட்ட மாதிரி. அவ்வளவுதான்.

"கழுவாத, எந்தப் பாம்பு விஷம்னு ஆஸ்பத்திரியில பாக்கணும். என்ன நகத்தாத" என்றார்.

"வாய மூடிட்டுப் படுங்க, எங்களுக்குத் தெரியும்" என்றாள் கர்ஸ்டி. அவளுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. கட்டுத்துணி எடுக்கக் கொட்டகைக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக் கத்துவது கேட்டது.

மார்னி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தூங்காதீங்க, டெஸ்மண்ட். பேசுங்க. என்னத் திட்டவாவது செய்ங்க."

"காத கிழிச்சிருப்பே" என்றார் அவர். "சர்ருன்னு வந்துச்சு. சரி, இதுக்குத்தான் கண்ணு முழிச்சோம்னு நெனச்சேன்."

கர்ஸ்டி வந்ததும் இருவரும் பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கிச் சுற்றினார்கள். நாண் கழற்றிய ஒரு நீளவில்லைக் காலோடு சேர்த்துக் கட்டினார்கள், கால் அசையாமலிருக்க. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப் போனபோது தொப்பி மட்டும் அம்போடு அங்கேயே நின்றது. அதைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு மார்னிக்குப் போன் செய்து வாழ்த்தினார்கள். உன் அம்பு போகாவிட்டால் யார் அந்தப் பக்கம் போயிருப்பார்கள், நீதான் காப்பாற்றினாய் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது சாக்குச் சொல்லிப் போனை வைத்தாள். கண்ணை மூடினால் தொப்பி. தொப்பிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெஸ்மண்ட் ஜெல்லி தின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுவற? கொடி ஏறியிருந்துச்சு, கயிறு கட்டியிருந்துச்சு. தெரிஞ்சுதான் நான் தாண்டினேன். நான் கயிறத் தாண்டினேன், நீ மேட்டத் தாண்டின." ஸ்பூனை அவள் பக்கம் நீட்டினார். "ஆனா அந்த மேடு பத்தாதும்மா. நான் இல்லன்னா ஒரு சின்னப் புள்ள நின்னிருக்கும். அத நான் விடமாட்டேன்."

விடவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நகராட்சிக்குப் போய் நின்றார். சங்கம் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. புதிய ஆளைத் தூரத்துப் பலகைக்கு விட்டது தன் தப்பு என்று கர்ஸ்டி எல்லோர் முன்னாலும் சொன்னாள். பயிற்சி தருவதையே விட்டுவிடுகிறேன் என்றவளை மற்றவர்கள் போகவிடவில்லை. கடைசியில், ஆர்க்கிட் பூக்கிற பக்கம் அம்பு போகாதபடி மைதானத்தையே திருப்புவது என்றும், புது மேட்டை இரண்டு ஆள் உயரத்துக்குப் போடுவது என்றும் முடிவானது. டெஸ்மண்ட் அரை மனதோடு தலையாட்டினார்.

மண் கொட்டிய நாளில் மார்னியும் மண்வாரியோடு போனாள். டெஸ்மண்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியில் சுற்றிய சாசேஜைத் தின்றபடி, "வலது பக்கம் சரியுது, கண்ணு தெரியலயா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் கர்ஸ்டி ஒரு வில்லை நீட்டினாள். "கிட்டத்துல இருக்கற பலகைதான். வேணாம்னா வேணாம்."

மார்னி மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

கர்ஸ்டி மேட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மார்னி நாணை இழுத்தாள். கண் மேட்டின் உச்சிக்குப் போனது. இறக்கினாள். மூச்சை விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள்.