கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஏழு கொலைகள்

என் படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா ஏழு பேரை வெட்டுவார். ஏன் வெட்டுகிறார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. எடுக்க எடுக்க அது எனக்கே புரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற கார்த்திகேசன் நான். சினிமா உலகத்தை ஒரு உலுக்கு உலுக்காமல் விடுவதில்லை என்ற நினைப்பு இந்த வயதிலும் குறையவில்லை.

வீட்டில் என் மனைவி இசைவாணி எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம். அவள் கிறிஸ்தவப் பெண், நான் சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் அம்மா ஆரோக்கியம்மாள் எங்களோடு பேசுவதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். யாரும் அழைக்க வரவில்லை. இசைவாணி அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். போனில் அம்மாவின் நம்பரை எடுத்துப் பார்ப்பாள், பிறகு வைத்துவிடுவாள். அதைப் பார்த்தால் போதும், உடனே திரைக்கதை எழுத உட்கார்ந்துவிடுவேன். என் வீரம் அவ்வளவுதான்.

கேமராமேன் அன்பரசு கடலூர் முதுநகரில் ஒரு தெருவைப் பிடித்து வைத்திருந்தான். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம், வாசலில் கிறிஸ்துமஸ் குடில், பார்க்கவே கொலை பண்ணத் தோன்றும் அழகு. என் மாமியார் வீடு அதற்கு அடுத்த தெரு என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. கொலைகாரத் தாத்தாவாக நடிக்க வேண்டியவன் அன்று வராமல் போனதால் அந்த வேஷத்தையும் நானே போட்டுக்கொண்டேன். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, சிரித்தபடியே இருக்கும் பிளாஸ்டிக் முகமூடி. அதற்குள் இருப்பது யார் என்று என்னைப் பெற்றவளுக்கே தெரியாது என்ற தைரியம்.

ரத்தத்துக்காக ரோஸ்மில்க் எசன்ஸில் மைதாவைக் கரைத்து நானே காய்ச்சியிருந்தேன். சாயங்காலம் முதல் கொலை. ஒரு வாளி ரத்தத்தை மேலே ஊற்றிக்கொண்டு கர்ஜித்தபடி நின்றேன். அன்பரசு கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான்.

“மச்சான், செவப்பு டிரஸ்ல ரத்தம் தெரியல.”

“கொஞ்சங்கூடவா?”

“வேர்த்தாப்புல இருக்கு.”

இதை யோசிக்காத டைரக்டர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் எறும்புகளுக்கு அந்த ரத்தம் நன்றாகவே தெரிந்தது. சட்டை வழியாக ஏறி உள்ளே வந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டிரம் சத்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த இளைஞர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். முன்னால் தாத்தா ஆடிக்கொண்டு போவார். அவர் வாய் பேசக் கூடாது, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜெபம் உண்டு. இவர்களுடைய தாத்தா வந்து சேரவில்லை போலிருக்கிறது. கூட்டத்தை நடத்திவந்த சார்லஸ் நேராக வந்து என் கையைப் பிடித்தான்.

“எங்கய்யா போயிட்ட? காடாம்புலியூர்லேருந்து வர்றதுக்கு இவ்ளோ நேரமா? இன்னும் எவ்ளோ வீடு கெடக்கு.”

நான் விழித்தேன். அன்பரசு காதருகே வந்தான்.

“போ மச்சான். ஓசியில இவ்ளோ கூட்டம் எவன் குடுப்பான்? நான் பின்னாடியே எடுத்துக்கிட்டு வரேன்.”

ஓசி என்ற சொல்லுக்கு நான் என்றைக்குமே அடிமை. போனேன். எறும்பு கடித்த கடியில் நான் ஆடிய ஆட்டத்தை அந்தப் பங்கு அதற்கு முன் கண்டிருக்காது. கைதட்டல் காதைப் பிளந்தது. தாடியில் மட்டும் ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. “தாத்தா வெத்தல போட்டுருக்காரு போல” என்று ஒரு அம்மா சொன்னார், எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். என் மூட்டையில் படத்துக்காகச் செய்த ரப்பர் கைகள் கிடந்தன. சார்லஸ் அதிலேயே மிட்டாயைக் கொட்டிவிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் தடவித் தடவி மிட்டாயாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆடுகிற மும்முரத்தில் அடுத்த தெருவுக்குத் திரும்பியதைக் கவனிக்கவில்லை. தலை நிமிர்ந்தால் என் மாமியார் வீட்டு நடுக்கூடத்தில் நிற்கிறேன். சுவரில் இசைவாணி பட்டம் வாங்கிய போட்டோ. என் கால் ஆட்டத்தை மறந்துவிட்டது.

ஆரோக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நிமிர்ந்து நடக்கிற மனுஷி. சார்லஸிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எம் மவ சிதம்பரத்துல இருக்கா. மாசமா இருக்கான்னு யாரோ சொன்னாங்க. ஒரு வார்த்த அவ கூப்புட்டான்னா ஓடிப் போயிருவேன். நான் வேணாம்னு நெனைக்கிறா போல. அவளுக்கு சொகப் பிரசவம் ஆவணும்னு ஜெபம் பண்ணுங்கப்பா. அந்தப் பையனுக்கும் சேத்துப் பண்ணுங்க. ஏதோ வெட்டுக்குத்துப் படம் எடுக்குறானாம். புத்தி தெளியட்டும்.”

மொத்தக் கூட்டமும் முழங்காலில் நின்று எனக்குப் புத்தி தெளிய வேண்டும் என்று ஜெபித்தது. நானும் நின்றேன். அவள் அங்கே நம்பரைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள், இவர் இங்கே கூப்பிடமாட்டாளா என்று இருக்கிறார், நடுவில் நான் ஊரெல்லாம் வெட்டிக்கொண்டு திரிகிறேன். முகமூடிக்குள் எனக்குக் கண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கவும் வழியில்லை.

ஜெபம் முடிந்து டிரம் மறுபடி தொடங்கியதும் மாமியார் மிட்டாய்க்காக என் முன்னால் கை நீட்டினார். கண் தெரியாமல் மூட்டைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். மணிக்கட்டோடு வெட்டிய கை.

டிரம் நின்றது. யாரோ சேசுவே என்றார்கள். ஆரோக்கியம்மாள் மட்டும் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“ரப்பரு,” என்றார். “யார்ரா நீ?”

ஓடியிருக்கலாம். என் சுபாவம் அதுதான். ஆனால் அவள் வீட்டில் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு காலைக் கட்டிவிட்டது. முகமூடியைக் கழற்றினேன்.

“நான்தான் அத்தை. கார்த்திகேசன்.”

“அப்ப காடாம்புலியூர் ஆளு எங்க?” என்றான் சார்லஸ். அவன் கவலை அவனுக்கு.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தினி மாசம் அவளுக்கு?”

“எட்டு.”

“எட்டு மாசக்காரியத் தனியா வுட்டுட்டு இங்க வந்து ஆள வெட்டிக்கிட்டுத் திரியிறியா நீ?”

என் படத்துக்கு வரப்போகிற எல்லா விமர்சனமும் அதில் அடங்கிவிட்டது.

“அவ தெனமும் உங்க நம்பர எடுத்துப் பாக்குறா அத்தை,” என்றேன். “கூப்புடத்தான் பயப்புடுறா. நான் வந்து சொல்லியிருக்கணும். எனக்கும் பயம்.”

அவர் உள்ளே போனார். மாற்றுச் சேலை இரண்டு திணித்த பையோடு வந்து, கதவைப் பூட்டி, அன்பரசுவின் வேனில் ஏறி உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை ஜெபமாலை உருட்டினார். அதற்குப் பிறகு சிதம்பரம்வரை திட்டு. அவளை, என்னை, ரிஜிஸ்டர் ஆபீசை, கடைசியில் தன்னையே.

வீட்டுக் கதவை இசைவாணிதான் திறந்தாள். அவ்வளவு திட்டு திட்டியவர் மகளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். பிறகு அவள் வயிற்றில் கையை வைத்தார்.

“வவுறு எறங்கியிருக்கேடி,” என்றார். “கால் வீங்குதா?”

“வீங்குதும்மா,” என்று சொல்லிவிட்டு இசைவாணி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அப்படி ஒரு அழுகை அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. இருவரும் உள்ளே போனார்கள். சிவப்பு அங்கியோடு நான் வாசலில் நின்று அழுதேன். ஏழு கொலை பண்ணப் புறப்பட்டவன்.

கொஞ்ச நேரம் கழித்து ஆரோக்கியம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“வெளியில ஏன் நிக்கிறீங்க?” என்றார். “உள்ள வாங்க மாப்ள.”

வாடகை கொடுத்துக் குடியிருக்கிற என் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரிக் கால் கழுவிக்கொண்டு போனேன்.